1989 பேஸ்பால் கார்டுகள்: முதல் செட் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

அமெரிக்காவில் பழைய பேஸ்பால் கார்டு சேர்க்கத் தொடங்குபவர்களில் பலர் 1989 சீசனில்தான் வந்து நிற்பார்கள். விலை குறைவு, எங்கும் கிடைக்கும், பின்னாளில் பெரிய நட்சத்திரமான ஆட்டக்காரர் கென் கிரிஃபி ஜூனியரின் ரூக்கி கார்டும் அந்த ஆண்டுதான். ரூக்கி கார்டு என்றால் ஒரு ஆட்டக்காரர் பெரிய லீகுக்கு வந்த சமயத்தில் வெளியான முதல் கார்டு.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கார்டுகளை அளவில்லாமல் அச்சடித்தார்கள். இந்தக் காலத்துக்கே ‘ஜங்க் வாக்ஸ்’ (மெழுகுத்தாள் பாக்கெட்டில் வந்த குப்பை) என்று பட்டப்பெயர். அதனால் “கடைசி ஒன்று, விட்டால் கிடைக்காது” என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். அடுத்த வாரமும் கிடைக்கும், அடுத்த வருடமும் கிடைக்கும். இங்கே காசு கார்டுக்கு இல்லை, கார்டின் நிலைக்குத்தான்.

1. எந்த செட் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

“1989 செட்” என்று ஒன்று கிடையாது. அந்த ஆண்டில் ஆறு முக்கிய செட்டுகள் வந்தன.

- டாப்ஸ்: 792 கார்டு
- அப்பர் டெக்: 800 கார்டு
- டான்ரஸ்: 660
- ஃப்ளீர்: 660
- ஸ்கோர்: 660
- போமன்: 484

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது கிரிஃபி விஷயத்தில். டாப்ஸின் 792 கார்டு செட்டில் அவர் கிடையவே கிடையாது. சீசன் முடிவில் தனியாக வந்த ‘டாப்ஸ் டிரேடட்’ என்ற 132 கார்டு செட்டில்தான் இருக்கிறார், எண் 41டி. ஸ்கோரிலும் அப்படியே: அடிப்படை செட்டில் இல்லை, ‘ரூக்கி அண்ட் டிரேடட்’ செட்டில் 100டி. இது தெரியாமல் டாப்ஸ் பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரித்துத் தேடுபவர்கள் இன்றும் உண்டு. அடிப்படை செட்டிலேயே அவர் இருப்பவை நான்கு: அப்பர் டெக் எண் 1, டான்ரஸ் எண் 33, ஃப்ளீர் எண் 548, போமன் எண் 220.

முதல் செட்டுக்கு என் பரிந்துரை டாப்ஸ் அல்லது அப்பர் டெக். கையைச் சுட்டுக்கொள்ளாமல் பழக டாப்ஸ். ராண்டி ஜான்சன் (647), ஜான் ஸ்மோல்ட்ஸ் (382), கிரெய்க் பிஜியோ (49) மூவரும் அதில் உண்டு. பிற்பாடு மூவருமே 2015-இல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு, அதாவது பேஸ்பாலின் புகழ் மண்டபத்துக்குப் போனார்கள். அழகான அச்சு, பின்பக்கமும் வண்ணப்படம், ஹோலோகிராம் எல்லாம் வேண்டுமென்றால் அப்பர் டெக்.

டான்ரஸை முதல் செட்டாக எடுக்காதீர்கள். அதன் ஓரங்கள் அடர்நிறம். லேசாக உரசினாலும் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து தெரியும். நல்ல நிலையில் உள்ளதைத் தேடியே அலுத்துவிடும்.

போமன் கார்டு மற்றவற்றைவிட கால் அங்குலம் உயரம், 2½ × 3¾ அங்குலம். இது ஏன் முக்கியம் என்பது 6-ஆவது படியில்.

2. பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

ஒரு டாலர் செலவழிக்கும் முன் முழு எண் பட்டியலை எடுத்து ஒரு விரிதாளில் போடுங்கள். ‘டிரேடிங் கார்டு டேட்டாபேஸ்’ தளத்தில் ஒவ்வொரு செட்டுக்கும் பட்டியல் இலவசமாக இருக்கிறது. ஐந்து பத்தி போதும்: எண், பெயர், இருக்கிறதா, நிலை, கொடுத்த விலை. இரண்டாவது பிரதி வந்தால் எது சுத்தமோ அதை வைத்துக்கொண்டு மற்றதைத் தனியாக ஒதுக்குங்கள். பட்டியல் இல்லாமல் கார்டு கண்காட்சிக்குப் போனால், ஏற்கெனவே இருப்பதையே மறுபடி வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

அப்பர் டெக் வாங்குபவர்கள் பட்டியலில் 700-க்கும் 701-க்கும் நடுவே ஒரு கோடு போடுங்கள். முதலில் 700 கார்டு வந்தது. மீதி 100 கார்டு சீசன் நடுவில் ‘ஹை நம்பர்’ என்று பின்னால் வந்தது. 700 மட்டும் வைத்துக்கொண்டு “முழு செட்” என்று விற்பவர்கள் நிறையப் பேர். விற்பவரிடம் “முழு செட்டா?” என்று கேட்காதீர்கள், “ஆமாம்” என்றுதான் பதில் வரும். “கடைசிக் கார்டின் எண் என்ன? 755, 774 படம் அனுப்ப முடியுமா?” என்று கேளுங்கள். 755 ஜிம் அபாட், வலது கை இல்லாமல் பிறந்து பெரிய லீகில் பந்து வீசியவர். 774 நோலன் ரையன், டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் சீருடையில். அதே ரையன் 145-இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் சீருடையில் இருப்பார். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

3. பெட்டியைப் பிரிப்பதா, செட்டாக வாங்குவதா?

செட்டாக வாங்குங்கள். சீல் பிரிக்காத பெட்டியை உடைத்துப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கணக்கு உதைக்கும்.

அப்பர் டெக் பெட்டி ஒன்றில் 36 பாக்கெட், பாக்கெட்டுக்கு 15 கார்டு, ஆக 540. முதல் தொகுதியே 700. ஒரு கார்டுகூட இரண்டாவது முறை வரவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் 160 கார்டு குறையும். நிஜத்தில் இரட்டைகள் வந்தே தீரும். கிரிஃபி வருவதும் உறுதியில்லை. சீல் பெட்டி இன்று நூறு டாலரைத் தாண்டுகிறது. அந்தப் பணத்தின் பெரும்பகுதி கிரிஃபி கிடைக்குமோ என்ற நப்பாசைக்கான விலை. டாப்ஸ் கணக்கும் இதேதான்: அதிலும் 36 பாக்கெட், 15 கார்டு.

டாப்ஸ், ஸ்கோர் போன்றவற்றின் முழு செட் பெரும்பாலும் பத்திலிருந்து முப்பது டாலருக்குள் முடிந்துவிடும். சில சமயம் தபால் செலவு செட்டின் விலையை நெருங்கும். அப்பர் டெக் செட் அதைவிடப் பல மடங்கு. அந்த வித்தியாசம் ஏறக்குறைய முழுதும் எண் 1-க்கு மட்டுமே.

சீல் பெட்டிதான் வேண்டும் என்று அடம் பிடித்தால், ‘பேஸ்பால் கார்டு எக்ஸ்சேஞ்ச்’ நிறுவனம் சோதித்துத் தன் உறை போட்டுக் கொடுத்த பெட்டியாகப் பாருங்கள். டாப்ஸ் மெழுகுத்தாள் பாக்கெட்டைப் பிரித்து, நல்ல கார்டை உருவிவிட்டு, லேசாகச் சூடு காட்டி மறுபடி ஒட்டுவது ரொம்பப் பழைய வித்தை. அப்பர் டெக் பாக்கெட் அலுமினியத் தாள் போன்றது என்பதால் அதில் இது கடினம். டாப்ஸ் பாக்கெட்டில் இன்னொரு தொல்லை சூயிங்கம். அதைத் தொட்டுக்கொண்டிருந்த கார்டில் பழுப்புக் கறை ஏறியிருக்கும், அது போகாது. மெழுகுக் கறை பரவாயில்லை. பழைய நைலான் காலுறைத் துணியால் மெதுவாகத் துடைத்தால் வந்துவிடும். கம் துண்டைச் சாப்பிட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

4. கிரிஃபியைத் தனியாக வாங்குங்கள்

அப்பர் டெக் சேர்ப்பவர்களுக்கு மலிவான வழி: கிரிஃபி இல்லாத 799 கார்டை ஒரு பக்கம் வாங்குவது, கிரிஃபியை வேறு ஒருவரிடம் பார்த்துப் பார்த்து வாங்குவது. செட்டோடு வரும் கிரிஃபியை யாரும் பொறுக்கி எடுத்து வைப்பதில்லை. சொல்லப்போனால் நல்லதை முன்பே உருவிவிட்டு, முனை மழுங்கிய ஒன்றை அந்த இடத்தில் செருகியிருப்பார்கள்.

எண் 1 என்பதால் அச்சுத்தாளில் அதன் இடம் மேல் இடது மூலை. தாளைக் கையாளும்போதும் வெட்டும்போதும் அடி முதலில் படுவது அந்த இடத்தில்தான். ஆகவே படத்தில் முதலில் மேல் இடது முனையைப் பெரிதாக்கிப் பாருங்கள். அடுத்து சென்டரிங், அதாவது படம் நடுவில் விழுந்திருக்கிறதா என்பது. இதைக் கண்ணால் மதிப்பிடாமல் அளவுகோலால் அளக்க வேண்டும். இடது வெள்ளை ஓரம் 2 மி.மீ., வலது 3 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 5, பெரிய பக்கம் அதில் 3. ஆக 60/40. கிரேடிங் என்றால் கார்டின் நிலையைச் சோதித்து 10 வரை மதிப்பெண் போட்டு, கெட்டி உறையில் மூடித் தருவது. கிரேடிங் நிறுவனமான பிஎஸ்ஏ-வில் 10 வாங்க முன்பக்கம் 55/45 வேண்டும். ஒரே ஒரு மில்லிமீட்டரில் 10 கைநழுவிவிடுகிறது.

போலி உண்டு. பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்று சில டாலருக்குக் கிடைக்கும், வாங்கிவிடுங்கள். அசல் கார்டில் படம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது, ஆனால் கறுப்பு எழுத்து புள்ளியில்லாமல், விளிம்பு கூர்மையாக, ஒரே மையாக இருக்கும். ஸ்கேன் செய்து அச்சிட்ட போலியில் எழுத்தும் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். அடுத்து பின்பக்க ஹோலோகிராம். கார்டைச் சாய்த்தால் அது நிறம் மாறி உள்ளே எழுத்து எழுந்துவர வேண்டும். வெறும் வெள்ளிக் காகிதம் போல ஒரே மாதிரி மின்னினால் கையை எடுத்துவிடுங்கள். படத்தில் கிரிஃபியின் தொப்பி கொஞ்சம் செயற்கையாகத் தெரிகிறதே என்று சந்தேகப்பட வேண்டாம். அது மைனர் லீக் அணியின் தொப்பி, சியாட்டில் மரைனர்ஸ் தொப்பியாக மாற்றி வரையப்பட்டது. எல்லா அசலிலும் அப்படித்தான்.

விலை பார்க்க வேண்டிய இடம் ஈபே-யில் ‘விற்று முடிந்தவை’ பகுதி. விற்பவர் கேட்கும் விலை விலையே அல்ல. கடைசிப் பத்து விற்பனையின் நடுவிலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

5. பார்சல் வந்த அன்றே எண்ணுங்கள்

ஈபே-யில் சொன்னது வேறு, வந்தது வேறு என்றால் புகார் கொடுக்க, கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள். 800 கார்டை எண்ணிச் சரிபார்க்க ஒரு மாலைப்பொழுது போய்விடும். “அப்புறம் பார்க்கலாம்” என்று வைத்துவிட்டால் கெடு தாண்டிவிடும்.

பார்சலைப் பிரிப்பதைக் கைபேசியில் காணொளியாக எடுங்கள். கையை நன்றாகக் கழுவி ஈரமில்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். நூறு நூறாகப் பிரித்து, எண் வரிசையில் அடுக்கி, பட்டியலில் குறியுங்கள். அப்பர் டெக் கார்டு பளபளப்புப் பூச்சு உள்ளது. ஈரமான இடத்தில் கிடந்திருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் மாதிரி வரும். நகத்தால் பிரிக்காதீர்கள், பூச்சு உரிந்துவிடும். அப்படியே படமெடுத்துத் திருப்பி அனுப்புங்கள்.

விற்பவர் ‘மீடியா மெயில்’ என்ற மலிவுத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது புத்தகம் போன்றவற்றுக்கானது, கார்டுக்குச் செல்லாது. தபால்காரர் பிரித்துப் பார்த்தால் மீதிக் கட்டணம் உங்கள் தலையில் விழும். ஒற்றைக் கார்டு 20 டாலருக்குள் என்றால் ஈபே-யின் ‘ஸ்டாண்டர்ட் என்வலப்’ போதும். அதற்கு மேல் போனால் டிராக்கிங் உள்ள பார்சலாகவே கேளுங்கள்.

6. பத்திரப்படுத்துதல்

முழு செட்டுக்கு 800 கார்டு கொள்ளும் அட்டைப்பெட்டி மலிவு, இடமும் அடைக்காது. பெட்டி பாதி காலியாக இருந்தால் கார்டுகள் சாய்ந்து வளைந்துவிடும். காலி இடத்தில் அட்டையோ ஸ்பாஞ்சோ வைத்து நிரப்புங்கள்.

புரட்டிப் பார்க்க ஆசை என்றால் ஒன்பது பை உள்ள தாள். பைக்கு ஒரு கார்டு என்றால் 800 கார்டுக்கு 89 தாள். முதுகோடு முதுகாக இரண்டிரண்டு வைத்தால் 45. தாள் பிவிசி இல்லாததாக இருக்க வேண்டும். பழைய பிவிசி தாள் நாளடைவில் பிசுபிசுத்துக் கார்டின் மேற்பரப்பைக் கெடுக்கும். கோப்பின் வளையம் ஆங்கில ‘D’ வடிவில் இருக்கட்டும். வட்ட வளையத்தில் உள்பக்கத் தாள்கள் வளைந்து கார்டின் ஓரத்தை அழுத்தும்.

போமன் கார்டு ஒன்பது பைத் தாளுக்குள் போகாது, தலை வெளியே நீட்டிக்கொண்டு மடங்கும். 1952 முதல் 1956 வரையிலான பெரிய டாப்ஸ் கார்டுக்காகச் செய்யும் எட்டுப் பைத் தாள் இதற்குப் பொருந்தும். 484 கார்டுக்கு 61 தாள்.

விலையுள்ள கார்டை முதலில் மெல்லிய ‘பென்னி ஸ்லீவ்’ உறையில் போட்டு, பிறகு ‘டாப்லோடர்’ என்ற கெட்டி உறைக்குள் வையுங்கள். ஸ்லீவ் போடாமல் டாப்லோடரில் இறக்கினால் மேற்பரப்பில் கீறல் விழும். முனை மழுங்குவது பெரும்பாலும் ஸ்லீவுக்குள் நுழைக்கும் அந்த ஒரு நொடியில்தான். ஸ்லீவின் வாய்ப்பக்க மூலை ஒன்றைக் கத்திரியால் சாய்வாகச் சின்னதாக வெட்டிவிட்டால் கார்டு தட்டாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். டாப்லோடரின் வாயை மூடப் பெயின்டர்கள் ஒட்டும் நீலநிற டேப். சாதாரண செலோடேப் வேண்டாம். பிசின் படிந்து, வெளியே எடுக்கும்போது கார்டில் ஒட்டிக்கொள்ளும்.

பரண், நிலவறை இரண்டும் ஆகாது. மனிதர்கள் படுத்துத் தூங்கும் அறையில், வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.

7. பிழைக் கார்டு: எதற்குக் காசு, எதற்கு வேண்டாம்

1989-இல் பேர்போன பிழை ஃப்ளீர் எண் 616, பில்லி ரிப்கன். அவர் பிடித்திருந்த மட்டையின் அடிக்குமிழில் ஒரு கெட்ட வார்த்தை எழுதியிருந்தது, யாரும் கவனிக்காமல் அச்சாகிவிட்டது. பிறகு அதை மறைக்க ஃப்ளீர் பல விதமாக முயன்றது: கறுப்புக் கட்டம், கிறுக்கல், வெள்ளைப் பூச்சு. கறுப்புக் கட்டம் தெருவுக்குத் தெரு கிடைக்கும். வெள்ளைப் பூச்சு அரிது, விலையும் அதிகம். அதனாலேயே வீட்டில் வெள்ளை மை தடவிய போலிகள் ஏராளம். கிரேடிங் உறையில் இல்லாத வெள்ளைப் பூச்சு ரிப்கனை வாங்கவே வேண்டாம்.

அப்பர் டெக்கில் 357, டேல் மர்ஃபி. முதலில் வந்தவற்றில் படம் இடவலமாகத் திரும்பி, சீருடை எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போல இருக்கும். எண் 13, கேரி ஷெஃபீல்டில் முன்பக்க ‘எஸ்எஸ்’ (அவர் ஆடும் ஷார்ட்ஸ்டாப் இடத்தின் குறி) தலைகீழாக விழுந்த பிரதி உண்டு. ஃப்ளீர் 381, ராண்டி ஜான்சனின் பின்னால் சிகரெட் விளம்பரப் பலகை தெளிவாகத் தெரிவதும், மங்கலாக்கியதும் என்று வகைகள்.

செட் முழுமை பெற இவை எதுவும் தேவையில்லை. திருத்திய பிரதி ஒன்று இருந்தால் போதும். மை கசிவு, புள்ளி, கோடு இதையெல்லாம் ‘அரிய பிழை’ என்று ஆயிரக்கணக்கில் விலை போட்டு வைத்திருப்பார்கள். விரைவு அச்சில் சாதாரணமாக வரும் கறை அது.

8. கிரேடிங்குக்கு அனுப்பலாமா?

முதலில் எண்களைப் பாருங்கள். அப்பர் டெக் கிரிஃபியை பிஎஸ்ஏ ஒரு லட்சத்துக்கும் மேல் கிரேடு செய்திருக்கிறது. 10 வாங்கியவை அதில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு. அனுப்பியவர்கள் எல்லோரும் தங்கள் கார்டு 10 என்று நம்பித்தான் அனுப்பினார்கள். 10-க்கு விலை ஆயிரக்கணக்கான டாலர், 8-க்கு அதில் சிறு துளி. கிரேடிங் கட்டணம், போக வரத் தபால், காப்பீடு எல்லாம் கூட்டினால், 8 வரும் கார்டை நீங்கள் அனுப்புவதைவிட 8 போட்டு விற்பனையில் இருப்பதை வாங்குவது லாபம். டாப்ஸ் சாதாரணக் கார்டுகளை அனுப்பும் எண்ணமே வேண்டாம்.

அனுப்பத் தகுந்த ஒன்று கையில் இருந்தால்:

- அளவுகோலில் 55/45-க்குள் இருக்கிறதா பாருங்கள். பின்பக்கத்தையும் அளங்கள்.
- ஒற்றை விளக்கின் கீழ் சாய்த்து மேற்பரப்புக் கீறல் தேடுங்கள். மேலிருந்து நேராகப் பார்த்தால் தெரியாது.
- இணையத்தில் விண்ணப்பம் நிரப்பி அச்செடுங்கள். ஆண்டு, செட், எண் மூன்றும் சரியாக இருக்கட்டும். அறிவிக்கும் மதிப்பைக் குறைத்துப் போட்டு மலிவுக் கட்டணத்தில் நுழையப் பார்க்காதீர்கள். கிரேடு வந்தபின் மதிப்பு வரம்பைத் தாண்டினால் வித்தியாசத்தை வசூலிப்பார்கள்.
- டாப்லோடரில் அனுப்பக் கூடாது. ஸ்லீவ் போட்டு, ‘கார்டு சேவர்’ என்ற பாதி நெகிழும் உறையில் வைத்து, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டுங்கள்.
- முன்னும் பின்னும் படமெடுத்து, விண்ணப்பப் பிரதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணமும் காத்திருப்பும் அடிக்கடி மாறும், அனுப்பும் நாளில் பாருங்கள். மலிவு வகையில் மாதக்கணக்கில் ஆகும் என்றே திட்டமிடுங்கள்.

9. ரசீது

ஒவ்வொரு ரசீதையும், தபால் செலவு உட்பட, வாங்கிய தேதியோடு ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். அமெரிக்க வரிச் சட்டத்தில் கார்டு ‘சேகரிப்புப் பொருள்’. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து லாபத்துக்கு விற்றால் 28 சதவீதம் வரை வரி வரலாம். கிரேடிங் கட்டணத்தின் ரசீதும் இதே கோப்பில் இருக்கட்டும். கண்காட்சியில் ரொக்கம் கொடுத்து வாங்கினால் ரசீது கிடைக்காது. மேசையிலேயே கார்டைப் படமெடுத்து, கொடுத்த தொகையை விரிதாளில் அங்கேயே எழுதிவிடுங்கள்.